ரிசர்வ் சைட்டுத் தோட்டத்தை இடிக்காதீங்க: நம் நகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய நகராட்சி ஆணையாளர், நகர்மன்றத் தலைவர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கமுங்க.

எங்கள் தெருக்கோடியில் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிய ரிசர்வ் சைட்டில் பூங்கா கட்ட டெண்டர் விடப் போவதாகக் கேள்விப்பட்டோம். சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், உள்ளே பேவர் பிளாக் பதித்த நடைபாதை, புல்தரை, நடுவில் ஒரு நீரூற்று. அளவெடுக்க வந்தவர் சொன்னது இது. அதே இடத்தில் இப்போது தெருக்காரர்கள் சேர்ந்து போட்ட காய்கறித் தோட்டம் இருக்கிறது. அதை அழித்துவிட்டுத்தான் பூங்கா வரும் என்றால் எங்களுக்கு அந்தப் பூங்கா வேண்டாம். தோட்டத்தைத் தோட்டமாகவே விடுங்கள். அதற்கு எழுத்துப்பூர்வமான ஓர் அனுமதியும் ஒரு தண்ணீர் இணைப்பும் கொடுங்கள். முக்கியமாகக் கேட்பது இவ்வளவுதான். ஏன் கேட்கிறோம் என்பதைச் சொல்லத்தான் மீதி மடல்.

மனைப்பிரிவு போடும்போது சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதத்தைப் பொதுப் பயன்பாட்டுக்கு ஒதுக்க வேண்டும் என்பது விதி. அப்படி வந்த நிலம் இது. சைட் வாங்கிய ஒவ்வொரு குடும்பமும் கொடுத்த காசில் இந்த நிலத்தின் விலையும் சேர்ந்தே இருக்கிறது. கொங்குச் சீமையில் இப்படி ஒதுக்கப்பட்ட எத்தனையோ இடங்கள் சீமைக்கருவேலம் மண்டிக் கிடக்கின்றன. சில இடங்களில் வேலி ஒவ்வோர் அடியாக நகர்ந்து கடைசியில் சைட்டே காணாமல் போயிருக்கிறது. எங்கள் இடமும் அந்த வழியில்தான் போய்க்கொண்டிருந்தது. வீடு இடித்தவர்கள் இடிசலை ராத்திரியில் கொண்டுவந்து கொட்டினார்கள். மதுப்பாட்டில் உடைந்து கிடந்ததால் பிள்ளைகளை அந்தப் பக்கம் விடவே பயம். இன்று அங்கே ஆள் நடமாட்டம் இருப்பதால்தான் யாரும் கொட்டுவதில்லை, யாரும் வேலியை நகர்த்துவதும் இல்லை. சுவர் கட்டிப் பூட்டிவிட்டுப் போனால் இந்தக் காவல் இருக்காது.

தோட்டம் எதனால் ஆனது என்பதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. பார்க்கிற வரைக்கும் எழுத்தில் சொல்கிறேன்.

கொட்டிக் கிடந்த இடிசல்தான் எங்கள் முதல் சரக்கு. அதிலிருந்து உடையாத சீமை ஓடுகளைப் பொறுக்கி, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக நட்டு வரிசையாக நிறுத்தினோம். அதுவே பாத்திகளுக்குக் கரை. பக்கத்துத் தோட்டத்துக்காரர் ஒருவர் பழைய வேலியைப் பிரித்தபோது மிஞ்சிய கல்லுக்கால்களைக் கொடுத்தார். அவற்றின் மேல் தறிக்கூடத்தில் கழித்துப் போட்ட இரும்புக் குழாய்களைக் கட்டிப் பந்தல் போட்டோம். சுரையும் புடலையும் பந்தல் அவரையும் அதில்தான் ஏறியிருக்கின்றன. உடைந்த சிமெண்ட் கற்களை இடுப்பு உயரத்துக்கு அடுக்கி மண் நிரப்பி ஒரு பாத்தி கட்டியிருக்கிறோம். எங்கள் தெருவில் முழங்கால் வலியால் குனிய முடியாத பாட்டி ஒருவர் இருக்கிறார். தினமும் பொழுதோட வந்து நின்றபடியே அதில் களை எடுக்கிறார். அந்தப் பாத்தியின் தண்டங்கீரை அவர் பொறுப்பு. வேறு யாரும் கை வைப்பதில்லை.

தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டப் பனியன் கம்பெனியில் மிஞ்சும் துணி நாடாவைப் பயன்படுத்துகிறோம். இதைக் கொஞ்சம் விளக்கிச் சொல்ல வேண்டும். நைலான் கயிற்றால் கட்டினால் தண்டு பருக்கும்போது கயிறு உள்ளே அழுந்தி வெட்டிவிடும். பனியன் துணி இழுத்தால் நீளும். செடி பருக்கப் பருக்க அதுவும் விட்டுக்கொடுக்கும். சுத்தப் பருத்தியாக இருந்தால் பருவம் முடிந்ததும் செடியோடு சேர்த்து எருக்குழியில் போட்டுவிடலாம், மட்கிவிடும். பாலியஸ்டர் கலந்தது மட்காது. அதைத் தனியாகக் கழற்றி வைத்து அடுத்த பட்டத்துக்கு எடுத்துக்கொள்கிறோம். திருப்பூரைச் சுற்றி இருக்கிறவர்களுக்கு இந்தத் துணி எவ்வளவு கிடைக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இடிசல் கிடந்த மண் நல்ல மண் இல்லை. நம் பக்கத்து மேட்டு நிலத்தில் ஏற்கெனவே சுண்ணாம்பு நிறைந்த சுக்கான்கல் அதிகம். சிமெண்டும் சுண்ணாம்பும் கலந்தால் காரத்தன்மை இன்னும் ஏறிவிடும். அந்த மண்ணில் செடி இரும்புச் சத்தை எடுக்க முடியாமல் இளம் இலை வெளுத்துப் போகும். அதனால்தான் தரையில் நடாமல் கரை கட்டி, மேலே செம்மண்ணும் எருவும் கலந்து பாத்தியை உயர்த்தினோம். அடியில் தேங்காய் மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்க அடுக்கினோம். தென்னந்தோப்பில் பெரியவர்கள் மரத்தைச் சுற்றிப் புதைக்கிற அதே முறை. ஒவ்வொரு மட்டையிலும் கொஞ்சம் தண்ணீர் தங்கி நிற்கும், வேர் அதைத் தேடிப் போகும்.

கழிவுப் பொருள் என்று சொன்னதும் கிடைத்ததையெல்லாம் கொண்டுவந்து போட்டோம் என்று நினைத்துவிட வேண்டாம். சும்மா வந்தும் வேண்டாமென்று திருப்பி அனுப்பிய பொருள்கள் பல உண்டு. சாயப்பட்டறையில் ரசாயனம் வந்த பிளாஸ்டிக் டிரம்கள் மலிவாகக் கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் உண்ணும் செடிக்குப் பக்கத்தில் அவற்றுக்கு இடமில்லை. நொய்யல் ஆற்றையும் ஒரத்துப்பாளையம் அணையையும் சாயத் தண்ணீர் எப்படிக் கெடுத்தது என்பதையும், 2011-இல் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லும் அளவுக்கு விஷயம் முற்றியதையும் பார்த்த ஊர்க்காரர்கள் நாங்கள். இரும்பு வார்க்கும் பவுண்டரியில் கழித்த மணலை லோடு கணக்கில் இலவசமாகக் கொட்டுகிறோம் என்று வந்தார்கள். வார்ப்புக்குச் சேர்த்த பிசினும் உலோகத் துகளும் அதில் இருக்கலாம் என்பதால் வேண்டாமென்றோம். உடைந்த ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டை வெட்டவோ உடைக்கவோ கூடாது. அதன் தூசி நுரையீரலுக்குப் போனால் திரும்பி வராது. வெளிநாட்டுத் தறிகள் வந்திறங்கும் மரப்பெட்டிகளிலும் பேலட்களிலும் ஒரு முத்திரை இருக்கும். எச்.டி. (HT) என்றிருந்தால் சூடு காட்டிப் பூச்சி போக்கிய மரம், எடுத்துக்கொள்கிறோம். எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு புகை போட்டது, தொடுவதில்லை. லாரி டயர்களை உட்காரும் இடத்துக்குக் கூட வைக்கவில்லை. டயருக்குள் தேங்கும் கையளவு தண்ணீர் போதும், டெங்குக் கொசு முட்டையிட.

கொசுவைப் பற்றி நகராட்சிக்கு இருக்கும் கவலை நியாயமானது. வீடு வீடாக வந்து தொட்டியைத் திறந்து பார்க்கும் களப்பணியாளர்கள் எங்கள் தோட்டத்துக்கும் வாரம் ஒருமுறை வரட்டும் என்று நாங்களே கேட்கிறோம். தண்ணீர் பிடித்து வைத்திருப்பவை இரண்டு பழைய சின்டெக்ஸ் தொட்டிகள். இரண்டின் வாயும் வலை போட்டுக் கட்டப்பட்டிருக்கிறது.

அந்தத் தொட்டிகளுக்கு மழைத் தண்ணீர் பக்கத்து வீட்டு மொட்டை மாடியிலிருந்து வருகிறது. 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஏறத்தாழ 900 லிட்டர் கிடைக்கும். நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் இருக்கிறது. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்றோடு வரும் தூறல் மண்ணை நனைத்துவிட்டுப் போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழைதான் கை கொடுக்கும் மழை. தை பிறந்த பிறகு தொட்டி காய்ந்துவிடும். அப்போது வீட்டுக்கு வீடு குடத்தில் எடுத்துவந்து ஊற்றுகிறோம். குடிநீரே நாள் விட்டு நாள் வரும் வீட்டில் இது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் ஓர் இணைப்பு கேட்கிறோம். குடிநீராகக் கூட இருக்க வேண்டாம், பொது உபயோகத்துக்கான ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் போதும். திட்டத்தில் இருக்கும் நீரூற்றுக்கும் புல்தரைக்கும் எப்படியும் தண்ணீர் கொடுக்கத்தானே போகிறீர்கள்? புல்தரை வெயில் காலத்தில் தினம் தண்ணீர் கேட்கும். தழை மூடாக்குப் போட்ட கத்தரிப் பாத்திக்கு அவ்வளவு வேண்டாம்.

தோட்டம் நகராட்சிக்கு என்ன தருகிறது என்று கேட்டால், குப்பையில் ஒரு பங்கைக் குறைக்கிறது என்பதுதான் முதல் பதில். இந்திய நகரங்களின் குப்பையில் ஏறக்குறைய பாதி மட்கும் குப்பை. திடக்கழிவு விதிகள் மட்கும் குப்பையை வீட்டிலேயே பிரித்துத் தரச் சொல்கின்றன. பிரித்துக் கொடுத்தும் வண்டியில் ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்ற பேச்சு எல்லா ஊரிலும் உண்டு. எங்கள் தெருவில் அந்தப் பேச்சு நின்றுவிட்டது. சமையலறைக் குப்பை வாளியில் நேராகத் தோட்டத்துக்கு வருகிறது. ஒரு பங்கு பச்சைக்கு இரண்டு பங்கு காய்ந்த சருகு என்று அடுக்கி, நடுநடுவே சாணிக் கரைசல் தெளிக்கிறோம். சில நாளில் கையை உள்ளே விட முடியாத சூடு வரும். வாரம் ஒருமுறை புரட்டிப் போட்டால் மூன்று மாதத்தில் கருப்பாக, மழை மண் வாசத்தோடு எரு தயார். நாற்றம் வந்தால் ஈரம் அதிகம் என்று பொருள், இன்னும் சருகு சேர்க்க வேண்டும். மாரியம்மன் நோம்பி முடிந்ததும் கோயிலிலிருந்து வரும் பூமாலைகளும் இதே குழிக்குத்தான். நாரை மட்டும் உருவி எடுத்துவிடுவோம்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்த வேலையைத் தூய்மைப் பணியாளர்கள் தலையில் கட்டுவதற்கு நாங்கள் சம்மதிக்க மாட்டோம். அவர்களுக்கு இருக்கும் வேலையே அதிகம். தோட்டத்தைக் காட்டி அவர்கள் எண்ணிக்கையைக் குறைக்கவும் கூடாது. அறுவடையில் முதல் கூறு அங்கன்வாடிக்கும், அடுத்தது எங்கள் தெருவில் வேலை பார்க்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் போகிறது. மீதியை வேலை செய்தவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். விற்பது கிடையாது.

வேலை செய்கிறவர்கள் யார் என்றும் கேட்பீர்கள். நான் ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறவள். எங்களோடு தறி ஓட்டுகிறவர்கள், பனியன் கம்பெனியில் செக்கிங் பார்க்கும் பெண்கள், ஓய்வு பெற்ற மில் தொழிலாளிகள், கல்லூரிப் பிள்ளைகள், பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்து லைன் வீடுகளில் தங்கியிருக்கும் குடும்பங்கள் என்று எல்லோரும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் மம்பட்டியும் பாண்டுச் சட்டியும் கை மாறிக்கொண்டே இருக்கும். நம் ஊரில் ஒரே குழாயில் தண்ணீர் பிடிப்பதற்கே எத்தனை கணக்குப் பார்ப்பார்கள் என்று நாம் எல்லோரும் அறிவோம். இங்கே யார் எந்தத் தெரு, எந்தச் சாதி, எந்த மாநிலம் என்று கேட்காமல் ஒட்டுக்கா உட்கார்ந்து ஒரே போசியில் மோர் குடிக்கிறார்கள். எந்த டெண்டரிலும் வாங்க முடியாதது இது. தோட்டத்தைக் காப்பாற்றச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணம் போதும்.

காம்பவுண்டுச் சுவர் பற்றி. சுவர் வேண்டாம், கிளுவை வேலி போட அனுமதி கொடுங்கள். காங்கேயம், தாராபுரம், மூலனூர்ப் பக்கம் மேய்ச்சல் நிலமான கொறங்காட்டைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக நிற்கிற வேலி அது. கன்று கூட வாங்க வேண்டியதில்லை. போத்துகளை, அதாவது வெட்டிய கிளைத் துண்டுகளை, மழைக்கு முன் நெருக்கமாக ஊன்றினால் துளிர்த்துக்கொள்ளும். வறட்சிக்கு இலையைக் கொட்டிவிட்டு நிற்கும், மழை வந்ததும் திரும்பத் தழையும். அடர்ந்து வர ஒன்றிரண்டு ஆண்டுகள் ஆகும். அதுவரை பழைய கம்பி வலை இருக்கிறது. முள் இருப்பதால் பிள்ளைகள் நுழையும் பக்கத்தை மட்டும் திறந்து வைத்துக் கதவு போட்டுக்கொள்கிறோம். ஆட்டுக்குட்டி நுழையாது, ஆனால் தெருவிலிருந்து பார்த்தால் உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியும். உயரச் சுவருக்குப் பின்னால் மங்கலாக விளக்கு எரியும் பூங்காவுக்குப் பொழுது சாய்ந்த பிறகு பெண்கள் போவதில்லை என்பதை நம் ஊரிலேயே பார்க்கிறோம்.

உங்கள் பக்கத்திலிருந்து வரக்கூடிய கேள்விகளையும் யோசித்துப் பார்த்தோம். நாளைக்கு யாராவது இந்த இடம் என்னுடையது என்று உரிமை கோரினால்? அதற்குத்தான் எழுத்துப்பூர்வ அனுமதி கேட்கிறோம். நிலம் நகராட்சிக்குச் சொந்தம், தோட்டம் போட மட்டும் இன்ன காலத்துக்கு உரிமம், நிரந்தரக் கட்டடம் கூடாது, கோயிலோ கொடிக்கம்பமோ வைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதுங்கள். நாங்கள் கையெழுத்துப் போடுகிறோம். நியூயார்க் நகரம் 1978-லேயே இப்படிக் காலி மனைகளைத் தோட்டக் குழுக்களுக்கு உரிமம் போட்டுக் கொடுக்கும் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இன்றும் நடத்திக்கொண்டிருக்கிறது. நமக்கு அவ்வளவு பெரிய திட்டம் வேண்டாம், ஒரு தீர்மானமும் ஒரு ஒப்பந்தமும் போதும்.

ஆர்வம் குறைந்து ஆள் வராமல் போனால் என்ன செய்வது என்பதும் நல்ல கேள்வி. சித்திரை, வைகாசி வெயிலில் வருகிறவர்கள் குறைகிறார்கள், அதை மறைக்கவில்லை. அதனால் இடத்தில் ஒரு பாதியை முருங்கை, அகத்தி, கறிவேப்பிலை, பப்பாளி, எலுமிச்சை என்று அதிகம் கவனிப்புக் கேட்காத மரங்களுக்கு மாற்றிவிட்டோம். காய்கறிப் பாத்திகளில் வெயில் காலத்தில் கொத்தவரையும் கீரையும் மட்டும் போடுகிறோம். ஓர் ஆண்டு முழுக்கத் தோட்டம் கவனிப்பில்லாமல் கிடந்தால் உரிமத்தை ரத்து செய்யலாம் என்று ஒப்பந்தத்திலேயே சேர்த்துக்கொள்ளுங்கள். பாம்பு வரும் என்கிற பயத்துக்கு, புதர் மண்டாமல் வைத்திருப்பதுதான் பதில். இடிசல் குவியலாகக் கிடந்தபோதுதான் பாம்பு அதிகம் இருந்தது.

பணத்தைப் பற்றி எங்களுக்கு வேறு ஒரு யோசனை இருக்கிறது. நமக்கு நாமே திட்டத்தில் மக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு போடுகிறது. பூங்காவுக்கு ஒதுக்க நினைத்த தொகை முழுதும் எங்களுக்கு வேண்டாம். தண்ணீர் இணைப்பு, ஒரு கழிப்பறை, கருவிகள் வைக்கச் சின்னக் கொட்டகை, இரண்டு விளக்கு. இதற்கு எங்கள் பங்கைத் தெருவில் வசூல் செய்து கட்டுகிறோம். எங்கள் உழைப்பையும் நாங்கள் கொண்டுவந்த பொருளையும் பங்களிப்பாகக் கணக்கில் எடுக்க விதியில் வழி இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அப்படி ஒரு வழி வேண்டுமென்று நகர்மன்றத்தில் தீர்மானம் போட்டு மேலே அனுப்புங்கள். வடக்குப் பக்கம் வெறுமையாகக் கிடக்கும் ஒரு மூலையில் பிள்ளைகளுக்கு ஊஞ்சலும் சறுக்கும் வைத்துத் தந்தால் சந்தோஷம். அதற்கு இடம் விட்டே பாத்தி பிரித்திருக்கிறோம்.

நகராட்சியிடம் இன்னொன்றும் இருக்கிறது, கேட்டால் கிடைக்கும் என்று நம்புகிறோம். சாலை தோண்டும்போது பெயர்த்தெடுக்கும் பேவர் பிளாக்குகள், மாற்றிய பழைய தெருவிளக்குக் கம்பங்கள், மின்கம்பிக்காக வெட்டும் மரக்கிளைகள், இவையெல்லாம் கிடங்குக்குப் போகின்றன. கிளைகளைத் துண்டாக்கிக் கொடுத்தால் எங்களுக்கு ஆண்டு முழுக்க மூடாக்கு. பேவர் பிளாக்கில் நடைவழி போட்டுக்கொள்கிறோம், கல்லுக்குக் கல் இடைவெளி விட்டு, மழை உள்ளே இறங்குகிற மாதிரி.

வார்டு மக்கள் கூடிப் பேச 2022 முதல் ஏரியா சபைகள் இருக்கின்றன. வருகிற ஏரியா சபைக் கூட்டத்தில் இந்த மடலின் நகலைத் தெருக்காரர்கள் கையெழுத்தோடு மனுவாகக் கொடுக்கிறோம். எந்தப் பாத்தி எங்கே இருக்கிறது, தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் வந்தால் செலவு குறையும், வேலி எந்த எல்லைக் கல்லிலிருந்து எந்தக் கல் வரை என்று அளந்து வரைந்த படமும் அதோடு இருக்கும். சர்வேயரை அனுப்பி அதைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டெண்டர் அறிவிப்பை மட்டும் அதுவரை நிறுத்தி வையுங்கள். ஆடிப் பட்டத்துக்கு அவரையும் வெண்டையும் ஊன்ற வேண்டும், கிளுவைப் போத்தும் அந்த மழைக்கு முன்னாலேயே மண்ணுக்குள் போக வேண்டும். ஆனி முடிவதற்குள் உங்கள் பதில் எழுத்தில் கிடைத்தால் எங்களுக்கு வேலையைத் தொடங்க வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
தோட்டத்தில் வேலை செய்யும் எல்லோர் சார்பிலும்,
அதே தெருவில் குடியிருக்கும் ஒருத்தி